ஃபெர்னே: வால்டேரின் எஸ்டேட் பற்றி எல்லாரும் கேட்கும் கேள்விகள்

ஜெனீவா விமான நிலையத்துக்கு ஒட்டினாற்போல, ஆனால் பிரான்ஸ் எல்லைக்குள், ஃபெர்னே-வால்டேர் என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது. எழுத்தாளர் வால்டேர் தன் கடைசி இருபது வருடத்தைக் கழித்த மாளிகையும் தோட்டமும் அங்கேதான். சுவிஸுக்கு வருகிற உறவுக்காரர்கள், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது என் வழக்கம். போகிற எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், நானும் பஸ்ஸில் நின்றுகொண்டு அரைகுறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் அவரவர் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, நிதானமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

வால்டேர்னா யாரு? ஸ்கூல்ல படிச்ச ஞாபகம், அதுக்கு மேல தெரியல.

1694-இல் பாரிஸில் பிறந்தவர், இயற்பெயர் ஃபிரான்ஸ்வா-மரி அருவே. நாடகம், கவிதை, வரலாறு, தத்துவம், கிண்டல் கதை என்று எல்லாம் எழுதினார். அரசனையும் திருச்சபையையும் சீண்டியதால் இளம் வயதிலேயே பாஸ்டீல் சிறைக்குப் போய் வந்தவர். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவரைவிடப் புகழ்பெற்ற எழுத்தாளர் இல்லை என்றே சொல்லலாம்.

பள்ளிப் பாடத்தில் ரூசோவையும் இவரையும் சேர்த்து ஒரே வரியில் 'பிரெஞ்சுப் புரட்சிக்கு வித்திட்டவர்கள்' என்று முடித்துவிடுவார்கள். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. புரட்சி 1789-இல் வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை, இருவரும் 1778-இல் சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள்.

பாரிஸ்காரர் இந்த மூலையில வந்து ஏன் குடியேறணும்?

பாரிஸுக்குள் இவர் வருவதை பதினைந்தாம் லூயி விரும்பவில்லை. பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக்கின் அரண்மனைக்குப் போனார், அங்கேயும் சண்டை, 1753-இல் கிளம்பிவிட்டார். 1755-இல் ஜெனீவாவில் லெ தெலிஸ் என்ற வீட்டில் குடியேறினார். (அந்த வீடு இன்றும் இருக்கிறது, வால்டேர் அருங்காட்சியகமாக.) அப்போது ஜெனீவா தனிக் குடியரசு, கண்டிப்பான புராட்டஸ்டன்ட் ஊர். நாடகம் போடக்கூடாது என்று சட்டம். நாடகம் இல்லாமல் இந்த மனிதருக்கு மூச்சு முட்டும்.

அப்போதுதான் எல்லைக் கணக்கு போட்டார். ஃபெர்னே பிரான்ஸில் இருந்தது, ஆனால் ஜெனீவாவுக்குக் கொஞ்ச தூரம்தான். பாரிஸிலிருந்து கைது உத்தரவு வந்தால் வண்டியேறி ஜெனீவா போய்விடலாம், ஜெனீவா பாதிரிமார் தொல்லை கொடுத்தால் பிரான்ஸ் மண்ணில் நின்று சிரிக்கலாம். 1758 கடைசியில் பேச்சு தொடங்கி, 1759 பிப்ரவரியில் புதே குடும்பத்திடமிருந்து வாங்கினார். பத்திரம் அவருடைய சகோதரி மகள் மதாம் தெனியின் பெயரில்.

எஸ்டேட்னு சொல்றீங்க, எவ்வளவு பெரிசு? தேயிலைத் தோட்டம் மாதிரியா?

அப்படி நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இன்று நீங்கள் பார்ப்பது ஒரு நடுத்தர மாளிகையும் சுற்றிலும் பூங்காவும்தான். வெர்சாயைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'இவ்வளவுதானா' என்று கேட்கத்தான் செய்வார்கள். அன்று விஷயம் வேறு: வீடு, வயல், காடு, திராட்சைத் தோட்டம், அதோடு அந்த ஊர்மேல் ஒரு பிரபுவுக்கு இருந்த உரிமைகள் எல்லாம் சேர்ந்ததுதான் வாங்கும் பொருள். நம் ஊர் ஜமீன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய வரிவிலக்குகளும் அந்த நிலத்தோடு வந்தன, அவற்றை உறுதிப்படுத்திக்கொள்ள அமைச்சர் ஷுவாசெல் வரை ஆள்பிடித்தார் இவர்.

பக்கத்திலேயே துர்னே என்ற இன்னொரு பிரபு நிலத்தையும் ஆயுள் குத்தகைக்கு எடுத்தார், தெ ப்ரோஸ் என்ற நீதிபதியிடமிருந்து. சில வண்டி விறகுக்கு யார் காசு கொடுப்பது என்று அவரோடு ஆரம்பித்த தகராறு வருடக்கணக்கில் போனது, கடைசியில் தெ ப்ரோஸ் பிரெஞ்சு அகாதெமியில் நுழையப் பார்த்தபோது வால்டேர் முட்டுக்கட்டை போட்டுக் கெடுத்தார். விறகுக்காக! பெரிய மனிதர்களின் சின்னத்தனம் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இப்ப நிக்கிற வீடு அவர் கட்டினதுதானா, பிறகு கட்டினதா?

அவர் கட்டியதுதான். அங்கே இருந்த பழைய கோட்டை மாதிரியான கட்டடத்தை இடித்துவிட்டு எழுப்பினார். முதலில் கட்டியது சின்னது. விருந்தாளிகள் வந்து குவிந்ததால் 1765-66-இல் இரண்டு பக்கமும் சிறகுகள் சேர்த்தார், லெயோனார் ராக்ல் என்ற கட்டடக் கலைஞர் அதில் உதவினார். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கொஞ்சம் ஒட்டாத மாதிரி தோன்றினால் இந்த இரண்டு கட்ட வேலைதான் காரணம். தோட்டப் பக்கம் போய் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், மோன் ப்ளான் மலை தெரியும்.

தோட்டத்தைப் பண்படுத்துவோம்னு ஒரு கதையை முடிச்சிருக்காரே, அது இந்தத் தோட்டம்தானே?

'காந்தீத்' கதையைச் சொல்கிறீர்கள். நிறைய பேர் தோட்டத்தில் நின்று இந்த வரியைச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கதையில் அந்தத் தோட்டம் இருப்பது கான்ஸ்டான்டிநோபிள் பக்கம். தவிர புத்தகம் வெளிவந்தது 1759 தொடக்கத்தில், அதாவது ஃபெர்னே பத்திரம் கையெழுத்தான அதே சமயத்தில். இங்கே மரம் நட்டு, சதுப்பு நிலத்தை வடிகட்டி, உழுது விதைத்ததெல்லாம் அதற்குப் பிறகு. எழுதிவிட்டுச் செய்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் ஒரிஜினலா?

கொஞ்சம்தான். வால்டேர் இறந்ததும் மதாம் தெனி வீட்டை மார்க்கி தெ விலெத்துக்கு விற்றுவிட்டார். விலெத் வால்டேரின் பக்தர் மாதிரி, பழைய அறையை நினைவு மண்டபமாக்கினார். அதனால் 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளுக்குக் காட்டிய 'வால்டேரின் அறை' என்பதே பாதி இவர் செய்த ஏற்பாடு. வந்தவர்களும் சும்மா போகவில்லை, படுக்கைத் திரைச்சீலையில் ஒரு துண்டு வெட்டி ஞாபகார்த்தமாகக் கொண்டுபோனார்கள்.

தப்பிப் பிழைத்தவற்றில் தவறவிடக்கூடாதது துப்ளெஸி வரைந்த 'வால்டேரின் வெற்றி' என்ற பெரிய ஓவியம். வால்டேரை தேவர்கள் வரவேற்க, அவருடைய விரோதிகள் கீழே கிடந்து அடிபடுகிறார்கள். படம் அழகு என்று சொல்ல மாட்டேன், சொல்லப்போனால் கட்-அவுட் ரசனைதான். ஆனால் தன் வீட்டுச் சுவரிலேயே இதை மாட்டி வைத்திருந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று அதைப் பார்த்தால் புரியும்.

இவ்வளவு பெரிய எழுத்தாளர் வீட்டுல புத்தகமே காணோமே?

புத்தகங்கள் ரஷ்யாவில் இருக்கின்றன. வால்டேரோடு பல வருடம் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த பேரரசி இரண்டாம் கேத்தரின், அவர் இறந்ததும் மதாம் தெனியிடமிருந்து நூலகத்தை முழுசாக வாங்கிவிட்டார். கிட்டத்தட்ட 6,800 தொகுதிகள். வால்டேரின் செயலாளராக இருந்த வான்யேர், பெட்டிகளோடு பீட்டர்ஸ்பர்க் வரை போய், ஃபெர்னேயில் இருந்த வரிசைப்படியே அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். இன்று அவை அங்குள்ள ரஷ்ய தேசிய நூலகத்தில்.

அவர் படிக்கும்போது ஓரத்தில் எழுதிய திட்டு, கேலி, சந்தேகம் எல்லாம் அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கின்றன, ஆராய்ச்சியாளர்களுக்கு அதுதான் புதையல். கேத்தரின் இன்னொன்றும் யோசித்தார்: தன் ஊரில் ஃபெர்னே மாளிகையைப் போலவே ஒன்று கட்டுவது. அதற்காக மாளிகையின் மாதிரி வடிவம் ஒன்றை மரத்தில் செய்து, அறைகளின் வரைபடம், திரைத் துணிகளின் மாதிரி எல்லாம் வரவழைத்தார். கட்டவே இல்லை. ஆனால் அந்த மர வடிவம் பத்திரமாக இருக்கிறது, அதனால் என்ன பயன் என்று புதுப்பித்தல் பற்றிய கேள்வியில் வருகிறது.

கடவுள் நம்பிக்கை இல்லாத ஆள் எண்டு சொல்லுறாங்கள், வாசல்லயே சேர்ச் நிக்குதே?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. முதலில், அவர் நாத்திகர் இல்லை. உலகைப் படைத்த ஒருவன் உண்டு என்று நம்பினார், பாதிரிமாரையும் அற்புதங்களையும் மதவெறியையும் நம்பவில்லை. பழைய ஊர்த் தேவாலயம் மாளிகைக்கு முன்னால் பார்வையை மறைத்துக்கொண்டு இருந்தது. அதை மாற்றிக் கட்ட ஆரம்பித்து, முறையான அனுமதிக்குக் காத்திராமல் இடிக்கவும் செய்ததால் திருச்சபை வழக்குப் போட்டது. ஒருவழியாகச் சமாளித்து 1761-இல் புதிதாகக் கட்டி முடித்தார்.

வாசலுக்கு மேலே லத்தீனில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: 'கடவுளுக்காக வால்டேர் எழுப்பினார், 1761'. மற்ற தேவாலயங்கள் எல்லாம் ஏதாவது புனிதர் பெயரில் இருக்கின்றன, இது ஒன்றுதான் நேரே கடவுளுக்கு என்று பீற்றிக்கொண்டார். கல்வெட்டில் இரண்டு பெயர்களில் எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள், அதுவும் ஒரு சேதி.

1768 ஈஸ்டருக்கு அதே கோவிலில் நற்கருணை வாங்கினார், அதோடு நிற்காமல் ஊர்க்காரர்களுக்குத் திருட்டைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார். அன்னெசி ஆயர் கொதித்துப்போய்க் கண்டனக் கடிதம் எழுதினார். வீட்டிலேயே ஆதாம் என்ற ஏசு சபைப் பாதிரியார் ஒருவரை வருடக்கணக்கில் தங்க வைத்திருந்தார், முக்கிய வேலை இவரோடு சதுரங்கம் ஆடுவது.

சுவரோட ஒட்டி பிரமிடு மாதிரி ஒரு கல்லறை இருக்கே, அதுக்குள்ள அவர்தானா?

உள்ளே யாரும் இல்லை. தனக்காக அவரே கட்டிவைத்தது, தேவாலயச் சுவரில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக. தான் உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று ஊர் பேசட்டும் என்பது அவருடைய நகைச்சுவை.

1778 பிப்ரவரியில் பாரிஸ் கிளம்பினார், 83 வயதில். நாடகம் பார்க்க வந்தவர்கள் மார்ச் 30 அன்று அரங்கத்திலேயே அவருக்கு மாலை சூட்டிக் கொண்டாடினார்கள். மே 30 அன்று அங்கேயே இறந்தார். பாரிஸ் திருச்சபை நல்லடக்கம் மறுக்கும் என்று தெரிந்து, உடலை ரகசியமாக ஷம்பாஞ் பகுதியில் செலியேர் மடத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 1791 ஜூலையில் பெரிய ஊர்வலத்தோடு, நாட்டின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும் பாரிஸ் பாந்தியோனுக்கு மாற்றினார்கள்.

ஹார்ட்டை மட்டும் தனியா எடுத்து வச்சாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. இறந்ததும் இதயத்தைத் தனியே எடுத்தார்கள், மேலே சொன்ன விலெத் அதை ஃபெர்னேக்குக் கொண்டுவந்து, 'அவர் ஆன்மா எங்கும், இதயம் இங்கே' என்ற பொருள்படும் வரியோடு ஒரு நினைவுச்சின்னத்தில் வைத்தார். சில வருடங்களில் வீட்டை விற்றபோது இதயத்தையும் எடுத்துப் போய்விட்டார். 1864-இல் அது பிரெஞ்சு அரசுக்கு வந்து, இப்போது பாரிஸில் தேசிய நூலகத்தில் ஊதோன் செய்த வால்டேர் சிலையின் பீடத்துக்குள் இருக்கிறது. ஃபெர்னேயில் அந்த வரி மட்டும் மிச்சம், இதயம் இல்லை.

எழுத்தாளருக்கும் வாட்ச் கடைக்கும் என்ன சம்பந்தம்? ஊர்ல எங்க பாத்தாலும் கடிகாரம் பத்திச் சொல்றாங்க.

எனக்கு இந்த எஸ்டேட்டில் பிடித்த பகுதியே இதுதான், மாளிகையைவிட. வால்டேர் வந்தபோது ஃபெர்னே ஒரு பஞ்சை ஊர், சில பத்துக் குடும்பங்கள், சுற்றிலும் சதுப்பு, நோய். அவர் இறக்கும்போது ஆயிரம் பேருக்கு மேல். இடையில் நடந்ததுதான் கதை.

ஜெனீவாவில் குடியேறிகளின் பிள்ளைகளாக அங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் ஏராளம், அவர்களில் பலர் கடிகாரத் தொழிலாளர்கள். 1770 பிப்ரவரியில் அவர்களுக்கும் அரசுக்கும் மோதல் வெடித்து, சிலர் கொல்லப்பட்டார்கள், பலர் ஊரை விட்டு ஓடினார்கள். வால்டேர் கதவைத் திறந்துவிட்டார். கடன் கொடுத்தார், வீடு கட்டிக் கொடுத்தார், பட்டறைக்குத் தங்கம் ஏற்பாடு செய்தார். அப்புறம் விற்பனையாளராகவே மாறிவிட்டார்: அதே வருடம் ஐரோப்பா முழுவதும் உள்ள பிரெஞ்சுத் தூதர்களுக்கு 'எங்கள் ஊர்க் கடிகாரம் ஜெனீவாவைவிட மலிவு' என்கிற ரீதியில் சுற்றறிக்கை அனுப்பினார். கேத்தரினிடம் ஆர்டர் பிடித்தார், அவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே சரக்கு அனுப்பிவிட்டு அசடு வழியக் கடிதம் எழுதினார். முன்பே பட்டுப்பூச்சி வளர்த்து, நெய்த காலுறையை ஷுவாசெல் பிரபுவின் மனைவிக்கு அனுப்பி விளம்பரம் தேடிய ஆள்தானே.

வந்த தொழிலாளர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள். பிரான்ஸில் அவர்களுக்குச் சட்டப்படி இடமே இல்லாத காலம் அது. ஃபெர்னேயில் கத்தோலிக்கரும் அவர்களும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள், சண்டை இல்லை. சகிப்புத்தன்மை பற்றி அவர் எழுதியதையெல்லாம் படிக்க நேரம் இல்லாவிட்டால், நகரத்தின் பெரிய தெருவில் அவர் காலத்து வீடுகளைப் பார்த்தபடி நடந்துவிட்டு வாருங்கள். அவருக்குப் பிறகு தொழில் படுத்துவிட்டது, ஒரு தனி மனிதரின் செல்வாக்கில் நின்ற வியாபாரம் வேறு எப்படிப் போகும்.

உப்பு வரியை ஒழிச்சார்னு கைடு சொன்னார், அது இந்த எஸ்டேட்டுக்கு மட்டுமா?

எஸ்டேட்டுக்கு மட்டும் இல்லை, ஜெக்ஸ் என்ற அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும். அன்றைய பிரான்ஸில் உப்பு வரிவசூல் கம்பெனி கையில் இருந்தது. அவர்கள் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும், ஆட்கள் வீடு புகுந்து சோதனை போடுவார்கள். ஜெக்ஸ் ஜூரா மலைக்கு இந்தப் பக்கம், மலை தாண்டித்தான் மற்ற பிரான்ஸ். ஜெனீவா உப்பு மலிவு என்பதால் கடத்தல், கடத்தலைப் பிடிக்க இன்னும் ஆட்கள். வால்டேர் நிதியமைச்சர் துர்கோவை நச்சரித்து, 1775 டிசம்பரில், வருடம் 30,000 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கட்டினால் போதும், வரிக்காரர்கள் வெளியேற வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்ததும் ஜன்னலைத் திறந்து 'விடுதலை!' என்று கத்தினார் என்பது ஊர்க்கதை.

ஜெக்ஸின் சுங்க விலக்கு புரட்சியில் போய், 1815-இல் திரும்பி வந்து, கடைசியில் பிரான்ஸும் சுவிஸும் இதற்காக ஹேக் நகர சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1932-இல் தீர்ப்பு வாங்கின. சர்வதேசச் சட்டம் படிக்கிறவர்களுக்கு அந்த வழக்கு தெரிந்திருக்கும்.

விருந்தாளி விருந்தாளின்னு சொல்றாங்களே, யார் யார் வந்தாங்க?

யார் வரவில்லை என்று கேட்பது சுலபம். தன்னை ஐரோப்பாவின் சத்திரக்காரன் என்று அவரே அலுத்துக்கொண்டார். வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1763-இல் வந்து, கிழவர் செங்கிஸ்கான் வேடத்தில் நடிப்பதைப் பார்த்து உள்ளூரச் சிரித்திருக்கிறார். எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் 1764 டிசம்பரில் வந்து கடவுள், ஆன்மா என்று வாக்குவாதம் செய்தார். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் வந்தார். சிற்பி பிகால் 1770-இல் வந்து, முகத்தை மாதிரி எடுத்துப்போய், எழுபது வயது தாண்டிய மனிதரை அம்மணமாகச் செதுக்கி வைத்தார்! (அது இப்போது லூவ்ரில்.)

நாடகத்துக்குத் தடை இருந்த ஜெனீவாவிலிருந்து கண்ணியவான்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு இங்கே வந்து பார்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

கலாஸ் வழக்குன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எங்கயோ துலூஸ்ல நடந்தது இல்லையா?

நடந்தது துலூஸில், வழக்கை மறுபடி தூக்கி நிறுத்தியது ஃபெர்னே மேசையிலிருந்து. ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் துணி வியாபாரியின் மகன் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தான், மகன் மதம் மாறப்போனதால் தகப்பனே கொன்றார் என்று முடிவுகட்டி, 1762 மார்ச் 10 அன்று சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். கலாஸ் நிரபராதி என்று வால்டேர் முதலில் நம்பவில்லை. ஜெனீவாவுக்குத் தப்பி வந்திருந்த கலாஸின் கடைசி மகனைக் கூப்பிட்டு விசாரித்தார், அதற்குப் பிறகு மூன்று வருடம் விடவே இல்லை. வக்கீல்கள், அமைச்சர்கள், அரசிகள் என்று எல்லாருக்கும் கடிதம். 1765 மார்ச்சில் கலாஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது, செத்து மூன்று வருடம் கழித்து.

நம்ம ஊருக்கும் இந்த வீட்டுக்கும் ஏதாச்சும் தொடர்பு இருக்கா, சும்மா கேக்கிறேன்.

சும்மா கேட்டாலும் பதில் இருக்கிறது. 1760-இல், தென்னிந்தியாவில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுத் திரும்பிய மோதாவ் என்ற அதிகாரி ஃபெர்னேக்கு வந்து, 'எஸூர் வேதம்' என்ற ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். பழைய இந்திய நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று பெயர். வால்டேர் அப்படியே நம்பி, அலெக்சாந்தருக்கும் முந்தியது என்று கொண்டாடி, 1761-இல் அரச நூலகத்தில் சேர்த்தார். கிறிஸ்தவம் வருமுன்பே கீழ்த்திசையில் ஒரே கடவுள் கொள்கை இருந்தது என்று பாதிரிமாரை மட்டம் தட்ட அது அவருக்கு வாகாக இருந்தது.

அதை எழுதியதே ஏசு சபைப் பாதிரிமார்தான்! மதம் மாற்றும் வேலைக்காக இந்தியாவில் இருந்த மிஷனரிகள் தயாரித்தது என்று பயணி சொன்னெரா 1782-இல் எழுதினார். பிறகு புதுச்சேரியில் இருந்த பிரதிகளை நேரில் ஆராய்ந்து விவரமாகக் கட்டுரை எழுதியவர், திருக்குறளால் நமக்குத் தெரிந்த அதே சென்னை எல்லிஸ் துரை. அவர் இறந்தபின் 1822-இல் அது அச்சானது. ஏசு சபையை இத்தனை வருடம் கேலி செய்தவரை ஏசு சபைக் காகிதமே ஏமாற்றிவிட்டது, இதைவிட நல்ல நாடகம் அவரே எழுதவில்லை.

லாலின்னு ஒரு தளபதிக்காக வாதாடினாராமே? அந்த லாலி நம்ம பக்கம் பண்ணின அட்டகாசம் அவருக்குத் தெரியாதா?

நியாயமான கோபம். ஃபெர்னே பத்திரம் கையெழுத்தான 1759 பிப்ரவரியில்தான் லாலி சென்னைக் கோட்டை முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். அதற்கு முந்தைய வருடம் தஞ்சாவூர்மேல் படையெடுத்துப் போனபோது நாகூரைச் சூறையாடி, கீழ்வேளூரில் கோவில் பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவர். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி, அடுத்த வருடம் ஜனவரியில் புதுச்சேரியையே ஆங்கிலேயரிடம் இழந்தார். பாரிஸில் அரசத்துரோகக் குற்றம் சாட்டி, வாயைக் கட்டி இழுத்துப்போய், 1766 மே 9 அன்று தலையை வெட்டினார்கள்.

வால்டேர் அவரை நல்லவர் என்று சொல்லவில்லை. முரடர், வாய்த்துடுக்கு, எல்லாரையும் பகைத்தவர், ஆனால் நாட்டை விற்றவர் இல்லை என்பதுதான் வாதம். அவருடைய நண்பர் தலாம்பேர் சொன்னது இன்னும் கூர்மை: லாலியைக் கொல்ல எல்லாருக்கும் உரிமை இருந்தது, மரண தண்டனையை நிறைவேற்றுகிறவனுக்கு மட்டும் இல்லை. லாலியின் மகனோடு சேர்ந்து பல வருடம் போராடி, 1778 மே மாதம் பழைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். செய்தி வந்தபோது வால்டேர் மரணப் படுக்கையில். இனி நிம்மதியாகச் சாவேன் என்று மகனுக்கு எழுதவைத்தார், நான்கு நாளில் போய்விட்டார். கீழ்வேளூர்க்காரர்களுக்காக வாதாட யாரும் இல்லை என்பதும் உண்மைதான், இரண்டையும் சேர்த்தே நான் சொல்வது வழக்கம்.

பிரபுவா உக்காந்துகிட்டு சமத்துவம் பேசறது போலித்தனம் இல்லையா?

அவர் சமத்துவம் பேசியதே குறைவு. பேசியது நீதி, சித்திரவதை ஒழிப்பு, மதச் சகிப்பு. தன் பிரபு உரிமைகளையும் வரிவிலக்கையும் (எஸ்டேட் கேள்வியில் சொன்னது) கடைசிவரை அனுபவித்தார். அதே ஆள்தான் ஜூரா மலையில் செயின்ட்-குளோத் துறவிகளின் கீழ் கொத்தடிமைகளாக இருந்த விவசாயிகளுக்காக வருடக்கணக்கில் மனுப் போட்டார், அவர்கள் விடுபட்டது புரட்சியில்தான்.

பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். எழுத்தில் வந்தது அற்பம். இளவயதில் அரசு லாட்டரித் திட்டத்தில் இருந்த ஓட்டையை ஒரு கணித மேதையோடு சேர்ந்து கண்டுபிடித்து ஒரு பெருந்தொகை, பிறகு ராணுவ சப்ளை, ஜெர்மன் இளவரசர்களுக்கு வட்டிக்குக் கடன், கடல் வணிகம், இந்தியக் கம்பெனிப் பங்குகள். அந்தக் கம்பெனியின் வியாபாரத்தில் அடிமை வணிகமும் உண்டு. அடிமைமுறையைத் தன் கதையில் கடுமையாகக் கேலி செய்தவரின் பணத்தில் அதன் வாடை இருந்தது. யூதர்களைப் பற்றியும் ஆப்பிரிக்கர்களைப் பற்றியும் அவர் எழுதிய பல வரிகளை இன்று வாய்விட்டுப் படிக்க முடியாது. இதற்கு நான் சப்பைக்கட்டு கட்டுவதில்லை.

அப்புறம் இவ்வளவு காலம் வீடு யார் கையில இருந்தது?

விலெத் 1785-இல் விற்றார், வாங்கியவர்கள் யார் தெரியுமா, வால்டேருக்கு விற்ற அதே புதே குடும்பம். 19ஆம் நூற்றாண்டு நடுவில் கைமாறி, பிறகு லம்பேர் குடும்பத்துக்கு வந்தது. அதில் எமில் லம்பேர் ஒரு சிற்பி, நகரத்தில் நிற்கிற வால்டேர் சிலை அவர் செய்தது, 1890-இல் வைத்தார்கள். கடைசியாக 1999-இல் அரசு வாங்கியது, இப்போது தேசிய நினைவுச்சின்ன மையம் பார்த்துக்கொள்கிறது.

2018-ல பளபளன்னு ஆக்கிட்டாங்க. பழசைக் கெடுத்துட்டாங்களோன்னு தோணுது.

அந்த எண்ணம் எனக்கும் முதலில் வந்தது. கூரை ஒழுகி, கல் அரித்து, மூடிவைக்க வேண்டிய நிலை, அதனால் 2015 தொடங்கி மூன்று வருடம் வேலை நடந்து, 2018 மே 31 அன்று அதிபர் மக்ரோன் திறந்தார். வெளிச்சுவரின் நிறமும் அறைகளின் சுவர்த்துணியும் புதுசாக மின்னுவதுதான் உறுத்தல். ஆனால் அவற்றை மனம்போனபடி தேர்ந்தெடுக்கவில்லை, கேத்தரின் வரவழைத்த வரைபடங்களும் துணி மாதிரிகளும் கை கொடுத்தன. கட்டாத அரண்மனைக்காக எடுத்த குறிப்பு, கட்டிய வீட்டைக் காப்பாற்ற உதவியது. வால்டேர் காலத்திலும் அது புது வீடுதானே, அப்போதும் மின்னத்தான் செய்திருக்கும்.

எப்படிப் போறது? தனி விசா வேணுமா?

ஷெங்கன் விசா இருந்தால் போதும், இரண்டு நாடும் அதற்குள்தான். ஆனால் எல்லை தாண்டுகிறீர்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெனீவா கொர்னவான் ரயில் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது, வழியில் விமான ஓடுதளத்துக்கு அடியில் சுரங்கத்தில் போகும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நேரம், கட்டணம் எல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பலகைகளில் விவரம் இருந்தாலும் பிரெஞ்சு தெரிந்த யாராவது கூட இருந்தால் நல்லது.

எந்த நாள்ல போனா நல்லது? பிள்ளையளுக்கு அலுக்காதோ?

சனிக்கிழமை காலை. நகரத்தின் பெரிய தெருவில் அன்று சந்தை, சீஸ், பழம், ரொட்டி, ஆப்பிரிக்கச் சாப்பாடு, ஆசியச் சாப்பாடு என்று எல்லாம் கிடைக்கும், சுவிஸ்காரர்களே எல்லை தாண்டி வாங்க வருகிறார்கள். முதலில் மாளிகை, அப்புறம் பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு, இறங்கி வந்து சந்தையில் சாப்பிடலாம். கார் கொண்டுபோனால் நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போகும், பஸ்ஸிலேயே போங்கள். மத்தியானத்துக்கு மேல் கடையைக் கட்டிவிடுவார்கள், அதனால் சந்தை முக்கியம் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், மாளிகை எங்கேயும் போய்விடாது.